பிரேக் என் மகளின் கையில்

என் மகள் பனியில் வண்டி தள்ளுகிறாள் என்று சொன்னால், கிள்ளானில் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "ஐஸ் கச்சாங் வண்டியா?" சீவிய ஐஸில் பாகு ஊற்றி விற்கும் தள்ளுவண்டியைச் சொல்கிறார்கள். முதல் வருடம் எனக்குக் கோபம் வந்தது. இரண்டாம் வருடம் அந்தக் கிண்டலை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். இப்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை. பூசை முடிந்து தேவாலயத்தைவிட்டு வெளியே வரும்போது, "பாப்பாவுக்குத் தலை எப்படி இருக்கு?" என்றுதான் கேட்கிறார்கள்.

விளையாட்டின் பெயர் பாப்ஸ்லெய். மலைச்சரிவில் பனிக்கட்டியாலேயே ஒரு வாய்க்கால் கட்டியிருப்பார்கள். அதில் வளைந்து வளைந்து கீழே இறங்கும் வண்டி, பார்ப்பதற்குச் சின்னப் படகு மாதிரி இருக்கும். என் மகளின் பிரிவில் ஒரு வண்டிக்கு இரண்டு பெண்கள். இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி, வேகம் எடுத்ததும் உள்ளே குதிப்பார்கள். முன்னால் உட்காருபவள் கயிற்றைப் பிடித்து ஓட்டுவாள். பின்னால் உட்காருபவள் தலையை முழங்கால்களுக்கு நடுவில் புதைத்துக்கொண்டு அசையாமல் இருப்பாள். ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். என் மகள் பின்னால் உட்காருபவள்.

நான் கிள்ளானில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். இருபது வருடங்களுக்கு மேலாக, இடதுபக்க இருக்கையில் உட்கார்ந்து, பயிற்றுநருக்கென்று பொருத்திய தனி பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டே சம்பாதித்திருக்கிறேன். என் மனைவி ஒரு கிளினிக்கில் தாதி. எங்கள் இருவருக்குமே வேலை, கெட்டது நடப்பதற்கு முன்பே அதை யோசித்து வைப்பது. அப்படிப்பட்ட வீட்டில் இவள் எப்படிப் பிறந்தாள் என்று இருவரும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொள்வோம்.

பள்ளியில் நூறு மீட்டரும் ஓடினாள், குண்டும் எறிந்தாள். கனமான உடம்பும் வேகமான காலும் ஒருத்திக்கே இருப்பதைப் பார்த்த ஒரு பயிற்சியாளர், கல்லூரி முடித்த கையோடு அவளைப் பிடித்துக்கொண்டார். பனியே விழாத நாட்டில் எங்கே பயிற்சி செய்வது? சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலைக்குப் பின்னால், ஞாயிற்றுக்கிழமைகளில் லோரிகள் வராத ஒரு சரிவான சாலை இருக்கிறது. இரும்புச் சட்டத்துக்குச் சக்கரம் மாட்டி, அதை அங்கே தள்ளுவார்கள். முதல் நாள் வாசல் காவலர், பெட்ரோல் தீர்ந்துபோன வண்டி என்று நினைத்து, எட்டிப் பார்த்து என்னிடம் கேட்டார்: "என்ன பாஸ், மினியாக் முடிஞ்சு போச்சா? இந்தப் பிள்ளைங்க தள்ளுதுங்க, நீங்க சும்மா நிக்கிறீங்க!"

வண்டி கனமாக இருந்தால்தான் வேகமாக இறங்கும். ஆட்கள் இலேசாக இருந்தால் வண்டியில் இரும்புத் துண்டுகளை வைத்துச் சரிக்கட்டலாம். ஆனால் அந்த இரும்பையும் சேர்த்துத் தள்ள வேண்டியவள் பின்னால் இருப்பவள். அதைவிட எடையைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொள்வது நல்லது. ஆகவே என் மனைவி ஆக்கிப்போட்டாள், இவள் தின்றாள், இரும்பு தூக்கினாள். உறவுக்காரர் கல்யாணத்துக்காகப் பிரிக்ஃபீல்ட்ஸில் ரவிக்கை தைக்கக் கொடுத்தபோது, தையற்கார அம்மா அளவு நாடாவை இரண்டு முறை சுற்றிப் பார்த்தார்.

"கையத் தூக்குனா கிழியக் கூடாது ஆன்டி," என்றாள் மகள்.

"கல்யாண வீட்ல கையத் தூக்கி யாரை அடிக்கப் போற நீ?"

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எப்படின்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு வேறு கவலைகள் இருந்தன.

வண்டியில் உனக்கு என்ன வேலை என்று நான் கேட்டபோது, "நான்தான்பா பிரேக்," என்றாள். எனக்கு உயிர் வந்தது. என் தொழிலில், பிரேக் யார் காலில் இருக்கிறதோ அவர்தான் வண்டிக்குப் பொறுப்பு. ஓட்டுகிறவர் என்ன தப்புச் செய்தாலும் அவர் நிறுத்திவிடுவார். என் பெண் என்னைப் போலவே பக்குவமான இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். சக பயிற்றுநர்களிடமெல்லாம், "பிரேக் என் மகள் கையில" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சில மாதங்கள் கழித்து அவளே உட்கார வைத்து விளக்கினாள். அந்த பிரேக் எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகு மட்டும்தான். நடுவில் இழுத்தால் அதன் பற்கள் பனியைக் கிழிக்கும், வண்டியின் பின்பக்கம் வீசும், கவிழவும் கவிழும். அவளோ குனிந்திருப்பதால் எதையும் பார்க்க முடியாது. உடம்பில் விழும் அழுத்தத்தை வைத்து வளைவுகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போவாள். எண்ணிக்கை முடிந்து எல்லைக்கோடு தாண்டியதும் இழுப்பாள்.

எல்லாம் புரிந்தது. புரிந்த பிறகும், ஒவ்வொரு குளிர்காலமும் ஐரோப்பாவிலிருந்து அவள் போட்டிக்கு முன் கூப்பிடும்போது, கடைசியாக நான் சொல்வது இதுதான்: "பயமா இருந்தா பிரேக்க இழுத்துடும்மா. போட்டி போனா போகட்டும்."

"பா, அப்படில்லாம் இழுக்கக் கூடாது லா. எத்தனை வாட்டி சொல்றது?" என்று சிரிப்பாள்.

அது ஆலோசனை இல்லை. வெளியூர் போகிறவளிடம் பார்த்துப் போ என்று சொல்வது போலத்தான். வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

போன குளிர்காலப் போட்டி அங்கே காலையில், இங்கே மாலையில். கடைசி மாணவரை வீட்டில் இறக்கிவிட்டு, மழை பிடித்துக்கொண்டதால் சாலையோரம் காரை நிறுத்தி, கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். இருவரும் நன்றாகத் தள்ளினார்கள். ஓட்டியவள் பூச்சோங்கில் உணவகம் வைத்திருக்கும் ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். என் மகளைவிட மூன்று வயது மூத்தவள். மூன்று குளிர்காலங்களாக அவளுக்குப் பின்னால்தான் என் மகள் உட்காருகிறாள். பதினான்கு வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் கேமரா மாறும். பன்னிரண்டாவது வளைவில் வண்டியின் பின்பக்கம் ஒரு முறை வீசியது. அடுத்த நொடி வண்டி தலைகீழாக இருந்தது. இரண்டு தலைக்கவசங்கள் பனியில் உரசிக்கொண்டே நீளமாக இறங்கின. உடனே அவர்கள் படத்தை மாற்றி, வேறு ஏதோ நாட்டுக்காரர்கள் கொடி ஆட்டுவதைக் காட்டினார்கள்.

பிறகு என் வலது கால் வலித்தபோதுதான் பார்த்தேன். நின்றுகொண்டிருக்கும் காரின் பிரேக்கை மிதித்தபடியே இருந்திருக்கிறேன். பயிற்சியாளரிடமிருந்து செய்தி வர நெடுநேரம் ஆனது. இருவருக்கும் நினைவு இருக்கிறது. ஓட்டியவளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு. என் மகளுக்குத் தலையில் அதிர்ச்சி, பனி உரசித் தோளில் தோல் போய்விட்டது. என் மனைவி அந்தச் செய்தியை வாசித்துவிட்டு, "உயிர் இருக்கு," என்றாள். பிறகு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இருவரும் திரும்பி வந்தார்கள். தோளுக்கு என் மனைவி தினமும் கட்டு மாற்றினாள். தலைவலி மெல்லக் குறைந்தது. ஆனால் மகள் பேசவில்லை. ஓட்டியவள் விளையாட்டையே விடப் போவதாகக் கேள்விப்பட்டோம். வளைவில் தாமதமாக நுழைந்துவிட்டேன், தப்பு என்னுடையது என்று அவளே பயிற்சியாளரிடம் சொல்லியிருந்தாள். கவிழ்ந்தால் ஓட்டியவர் பொறுப்பேற்பது அங்கே வழக்கம்.

மூன்றாவது வாரம், மருத்துவரிடம் காட்டிவிட்டு வரும்போது கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசல். வண்டிகள் அசையவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பா, நான் இழுத்தேன்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனாலும், "என்னத்த?" என்று கேட்டேன்.

"பிரேக்க. பன்னெண்டுல. எண்ணிக்கை விட்டுப் போச்சு. பயமும் வந்துச்சு. எது முதல்லன்னு எனக்கே தெரியல."

"யாருக்காவது தெரியுமா?"

"இல்ல. வண்டி கவுந்து பனியெல்லாம் கீறிப் போச்சு. பிரேக் கீறுனது தனியா தெரிஞ்சிருக்காது."

"நான் சொல்லிக்கிட்டே இருந்தேனே, அதனாலயா?"

"தெரியலப்பா," என்றாள். இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் அவள் சொல்லியிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு நான் சொன்னதை எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது. "சரி, விடு. யார்கிட்டயும் சொல்லாத," என்றேன். "அந்தப் பொண்ணு எப்படியும் விடப் போகுது. சொன்னா உன் இடமும் போயிரும். மூணு வருசம் உழைச்சது." அவள் இனி அந்த வண்டியில் ஏறவே கூடாது என்று தினமும் ஜெபிக்கிற நான், அவளுடைய இடத்தைக் காப்பாற்றப் பேசிக்கொண்டிருந்தேன். பெற்ற மனம் எந்தத் திசையில் ஓடும் என்று அதற்கே தெரிவதில்லை.

மறுநாள் எனக்கு வகுப்பு இருந்தது. மாணவி ஐம்பது வயதை நெருங்கும் ஓர் அக்கா. கணவர் இறந்த பிறகு கார் ஓட்டக் கற்க வந்தவர். பயந்தவர், ஆனால் சில வாரங்களில் நன்றாகத் தேறியிருந்தார். ஒரு சந்திப்பில் அவர் வலதுபக்கம் திருப்பும்போது எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வேகமாக வந்தது. நான் என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன். கார் குலுங்கி நின்றது.

"சாரி சார், சாரி, கால் தப்பா போயிருச்சு," என்று பதறினார்.

என் தொழிலில் நான் ஒரு நாளும் மீறாத பழக்கம் ஒன்று உண்டு. நான் பிரேக் போட்டால் அந்த நொடியே வாய்விட்டுச் சொல்லிவிடுவேன்: "நான் போட்டேன்." சொல்லாவிட்டால், கார் நின்றது தன் காலால்தான் என்று மாணவர் நினைப்பார். அப்புறம் தன் காலையே நம்ப மாட்டார். அன்று என் மனம் வேறெங்கோ இருந்தது. சொல்லவில்லை.

அதன் பிறகு அந்த அக்கா ஓட்டியது ஓட்டமே இல்லை. ஆளில்லாத சாலையில் நின்றார். பச்சை விளக்கில் நின்றார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். "நமக்கு இதெல்லாம் வராது சார், இன்னையோட விட்டுர்றேன்," என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காரை ஓரம் கட்டச் சொன்னேன்.

"அக்கா, அந்த மோட்டார் வந்தப்ப பிரேக் போட்டது நான். உங்க கால் சரியாத்தான் இருந்துச்சு."

அவர் என்னையே பார்த்தார். "அப்பவே சொல்லியிருக்கலாம்ல சார்? நான் என்னமோ கால் செத்துப் போச்சுன்னு நெனச்சு உசுரு போயி உசுரு வந்துச்சு!" நன்றாகவே திட்டினார். திட்டிவிட்டுப் பழையபடி ஓட்டினார்.

வீட்டுக்குப் போனதும் மகளிடம், "நேத்து நான் சொன்னது தப்பு. அந்தப் பொண்ணு தன் கையையே சந்தேகப்பட்டுக்கிட்டு உக்காந்திருக்கும். பூச்சோங் போவோமா?" என்றேன். அவள் ஏற்கெனவே சட்டை மாற்றியிருந்தாள். நான் கூப்பிடாவிட்டாலும் போயிருப்பாள் என்று நினைக்கிறேன்.

மாலை நான்கு மணி. உணவகத்தில் கூட்டமில்லை. ஓட்டுகிற பெண் ஒரு கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டுக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். என் மகளைப் பார்த்ததும் எழுந்து, இருவரும் பின்பக்கத்து மேசைக்குப் போனார்கள். அவளுடைய அப்பா என்னைப் பக்கத்து மேசையில் உட்கார வைத்து, "தே தாரிக் ரெண்டு!" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

"உங்ககிட்ட சொல்றதுக்கு என்னண்ணே, எனக்கு இப்பத்தான் நிம்மதி," என்றார் தாழ்ந்த குரலில். "போதும் அத்தா, கடையப் பார்த்துக்குறேன்னு சொல்லிட்டா. ஒடஞ்ச எலும்பு கூடிரும். இந்த மூணு வாரமாத்தான் நான் ராத்திரி தூங்குறேன். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாதா? தேநீர்க் கோப்பையைச் சற்றுத் தள்ளிவைத்தேன். நாங்கள் எதற்காக வந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

பின்மேசையில் பேசுவது கேட்டது.

"அக்கா, நான் பிரேக்க இழுத்துட்டேன்."

"எங்க?"

"பன்னெண்டுல. வெளிய வர்றதுக்கு முன்னாடி."

பிறகு அந்தப் பெண் நல்ல கையால் சாஸ் போத்தலையும் உப்புக் குப்பியையும் நகர்த்தி, மேசையில் ஒரு வளைவு அமைத்தாள். கரண்டியை வண்டியாக வைத்தாள்.

"நான் இங்க நுழைஞ்சேன். லேட்டா இல்லையா?"

"லேட் இல்லக்கா."

"நீ குனிஞ்சுல இருந்த, உனக்கு எப்படித் தெரியும்?"

"லேட்டா நுழைஞ்சா வலப்பக்கம் இடிக்கும்ல? இடிக்கல. நீங்க சரியா நுழைஞ்சீங்க."

அவள் கரண்டியை அந்த வளைவில் இரண்டு மூன்று முறை மெதுவாக ஓட்டிப் பார்த்தாள். பிறகுதான் குரல் உயர்ந்தது.

"மூணு வாரம்டி. கண்ண மூடுனா இந்த எடம்தான் வருது. என் கையே சரியில்லன்னு நெனச்சு உக்காந்திருக்கேன். நீ எனக்கு வாட்ஸாப்புல ஹார்ட் அனுப்பிக்கிட்டு இருந்திருக்க! எந்திரிச்சுப் போ. இப்ப உன் மூஞ்சியப் பார்க்க முடியல."

என் மகள் எழுந்து காருக்குப் போனாள். அழவில்லை. நான் அவள் பின்னால் போயிருக்க வேண்டும். ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்தவர் என் கையைப் பிடித்திருந்தார்.

"அப்ப என் மவ மேல தப்பில்லையாண்ணே?"

"இல்ல பாய். துளிகூட இல்ல."

அவர் முகம் மலர்ந்தது. மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, உப்புக் குப்பியைத் தள்ளிவைத்து அடுத்த வளைவை அமைத்துக்கொண்டிருந்தாள். அவர் முகம் அப்படியே வாடிப்போனது.

"திரும்பப் போயிருவாண்ணே," என்றார். "கொஞ்ச நாள் கழிச்சு வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

மன்னிச்சுக்குங்க என்றேன். அவர் தே தாரிக்குக்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

காரில், என் வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று மறுபடி ஆரம்பித்தேன். மகள் பாதியிலேயே நிறுத்தினாள். "பா, எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்காதீங்க. இழுத்தது என் கை."

அன்று மாலையே அவள் பயிற்சியாளருக்கும் எழுதினாள். இடம் போனது. சுங்கை வே சாலையில் மற்றவர்களோடு ஒருத்தியாக மீண்டும் தள்ளிக் காட்டி, மாற்று ஆளாக மட்டும் தேர்வானாள். சிரம்பானிலிருந்து வந்த ஒரு பெண் அவள் இடத்தில் உட்கார்ந்தாள். பூச்சோங் பெண் ஆறு வாரம் என் மகளோடு பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, "தண்ணி போத்தல் எடுத்தா," என்றாளாம். என் மகள் அதை வீட்டுக்கு வந்து, ஏதோ பரிசு வாங்கியவள் போலச் சொன்னாள். தாதியான என் மனைவி, இனிமேல் நீ மாற்று ஆளாகவே இருந்துவிடு, எனக்கு அது போதும் என்றாள்.

இந்தக் குளிர்காலம், மறுபடி ஓட்ட வந்துவிட்ட பூச்சோங் பெண்ணும் என் மகளும் போயிருக்கிறார்கள். அதே தடம். மாற்று ஆளுக்கு வேலை வண்டி தூக்குவது, கத்தி போன்ற அடிச்சட்டத்தைத் தேய்ப்பது, தடத்தின் ஓரத்தில் நின்று படம் பிடிப்பது. போன வாரம், முதல் பயிற்சி ஓட்டம் முடிந்ததும் மகள் ஒரு காணொளி அனுப்பினாள். அதோடு, "அக்காவோட அத்தா நேரலை பார்க்க மாட்டேன்னுட்டாராம். நீங்க போய்க் காட்டுங்கப்பா," என்று ஒரு வரி.

போனேன். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்தார். வெறும் பனிச்சுவர். தூரத்தில் ஓர் இரைச்சல். சுவரின் உயரத்தில் வண்டி வந்தது, இறங்கியது, போயே போய்விட்டது. படம் பிடிப்பவளின் மூச்சும், "வா வா வா, போ!" என்ற கத்தலும் கேட்டன.

"கடந்துருச்சா?"

"கடந்துருச்சு."

"இது எத்தனாவது?"

"பன்னெண்டு. இங்கதான் போன வருசம்."

"மொத்தம் பதினாலுல்ல? அப்ப இன்னும் ரெண்டு இருக்கே."

"முடிஞ்சுருச்சு பாய். முடிஞ்ச பிறகுதான் என் பொண்ணு இதை அனுப்பியிருக்கு. ரெண்டு பேரும் கீழ எறங்கிச் சாப்பிடப் போயிட்டாங்க."

"தெரியுதுண்ணே," என்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். "இன்னொரு தடவ போடுங்க."